கைவிட்ட வலை

“கை” என்று யாரோ கூப்பிட்டார்கள். கூப்பிட்டதில் தப்பில்லை, காலையிலிருந்து ஆளுக்கு ஆள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்தக் குரல் கடல் பக்கத்திலிருந்து வந்தது.

பெரியவள் குப்பைச் சாக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கோட்டின் தொப்பிமேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தாண்டி எது காதில் விழுந்தாலும் அரைகுறையாகத்தான் விழும். கடல் சாம்பல் நிறத்தில் பொங்கிப் பொங்கி அடங்கியது, வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. அங்கே யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. அலை உடைகிற இடத்தில் நின்று குப்பை பொறுக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

“கை” என்பது கேப்டன் ஏற்படுத்திய வழக்கம். கேப்டன் எந்தக் கப்பலிலும் ஏறியவர் அல்ல, ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்களை வேனுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து முதலிலேயே சொல்லிவிட்டார்.

“தனியா தூக்க முடியாத சாமான் எது கிடைச்சாலும் 'கை'ன்னு ஒரே வார்த்தை கூப்பிடுங்க. யார் கிட்ட இருக்காங்களோ அவங்க உடனே போகணும். என்ன, ஏதுன்னு நின்னு விசாரிக்கக் கூடாது. போய்க் கை கொடுக்கணும், அவ்வளவுதான்.”

இப்போது கிட்ட இருப்பவள் பெரியவள்தான். மற்ற எல்லாரும் மறுகோடியில், மழைக்குள் மஞ்சள் மஞ்சளாக அசைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காதுதான் ஏமாற்றியிருக்கும் என்று அவள் குனிந்து மறுபடி பாட்டில் மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொன்னால் அவள் கடலைக் காப்பாற்ற வந்தவள் அல்ல. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, விடுமுறை நாளிலும் நனைய வேண்டும் என்று என்ன தலையெழுத்து? வந்தது தங்கைக்காக. தங்கையின் புருஷன் நேற்று போன் செய்திருந்தான். “ஆறு மாச வயித்தோட மழையில கிளம்புறா. நான் சொன்னா எங்க கேக்குறா? நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றான். அந்தப் பையனோடு அவள் பேசிய முதல் பேச்சே அதுதான்.

அம்மா போன பிறகு சின்னவளை வளர்த்தது அவள். தலை வாரி, சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்து ஆளாக்கினாள். அந்தச் சின்னவள் ஒருநாள் தானே ஒருத்தனைப் பார்த்துக் கல்யாணம் என்று வந்து நின்றபோது, பெரியவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. “எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாது” என்று போனில் சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான். சொன்ன வாய் வலித்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று காலை வேன் வாசலில் சின்னவள் அவளைப் பார்த்துத் திகைத்து, பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “வாங்க” என்றாள். வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர்காரனை வாங்க என்பாளே, அதே வாங்க. “கையுறை என்ன சைஸ் போடுவீங்க?” என்று கேட்டாள். நீ, வா, போ என்று சண்டை போட்ட வாய் அது. அக்கா என்ற வார்த்தை மருந்துக்குக்கூட வரவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெரியவளுக்கு இருந்தது.

“இந்த வயித்தோட இது தேவையா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“நான் கீழே இறங்க மாட்டேன். இங்க உக்காந்து சாக்கை எடை போடறதுதான் என் வேலை” என்றாள் சின்னவள். பிறகு யாரிடமோ சொல்வது போல, “போன மாசம் வலையில சிக்கின ஆமை ஒண்ணை நூலை அறுத்து உயிரோட விட்டோம். மாட்டிக்கிட்டுக் கிடக்கறதைப் பாத்துட்டு எப்படிங்க சும்மா வர்றது?” என்றாள். ஆமை என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சிறுவயதில் நனைந்த பூனைக்குட்டிகளைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வருவாளே, அந்த முகம். பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

வேனுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே கட்டிய தார்ப்பாய்க்குக் கீழேதான் வகுப்பும் நடந்தது. கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மேடம் ஒருவர், ஒரு ஆமை ஓட்டைத் தூக்கிக் காட்டினார். ஓட்டின் ஓரத்தில் நைலான் நூல் அறுத்த பள்ளம் விரல் ஆழத்துக்கு ஓடியிருந்தது.

“படகுலேருந்து தொலைஞ்சுபோன வலையைக் கைவிட்ட வலைன்னு சொல்லுவோம். சில பேர் பேய் வலைன்னும் சொல்றாங்க” என்றார். யாரோ சிரித்தார்கள். “சிரிங்க, ஆனா பேர் சரிதான். ஆள் கைவிட்டாலும் வலை வேலையை விடாது. அதுல ஒரு மீன் மாட்டிச் சாகும். அந்த வாசனைக்கு நண்டு வந்து மாட்டும். நண்டைத் தேடி ஆமை வரும். ஆமை மூச்சு விட மேல வரணும், வர முடியாம மூழ்கிடும். மாட்டினது ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு இரை. வலைக்கு வேற இரையே வேண்டாம்.”

மணலில் பாதி புதைந்த வலையைக் கண்டால் இழுக்கக் கூடாது, வெளியே தெரிவதை மட்டும் கத்தியால் வெட்ட வேண்டும் என்றும் அவர் சொன்னார். பெரியவள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. தங்கை நாற்காலியில் உட்கார முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவரவர் இடத்துக்குப் பிரிந்தார்கள். புதிதாக வந்தவள் என்று அவளுக்கு வேனுக்கு நேர் கீழே, கருங்கல் தடுப்பு வரைக்குமான சின்னத் துண்டைக் கொடுத்தார்கள்.

முதல் கையுறை அங்கேதான் கிடைத்தது. மணலிலிருந்து ஐந்து விரலும் மேல்நோக்கி நிற்க, உள்ளங்கை வானத்தைப் பார்க்க ஒரு ரப்பர் கையுறை. எடுத்து உதறினாள். உள்ளே மணல் கெட்டியாக அடைத்திருந்தது, ஒவ்வொரு விரலிலும், நகக்கண் வரைக்கும். இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று, நூல் கையுறை, வெளுத்துப்போய். அதுவும் உள்ளங்கை மேலே. அதற்கப்பால் தோல் கையுறை ஒன்று. குப்பை என்றால் அலை கண்ட இடத்தில் போட்டிருக்க வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கருங்கல் தடுப்பை நோக்கிப் போயின.

கேப்டன் அந்தப் பக்கம் வந்தபோது காட்டினாள்.

“எல்லாம் நம்ம ஆளுங்க விட்டுட்டுப் போறதுதான்” என்றார் அவர். “குப்பை பொறுக்க வந்து குப்பை போட்டுட்டுப் போற கூட்டம். போன தடவை ஒருத்தர் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே போயிட்டார், செருப்பு இன்னும் வேன்ல கிடக்கு. வெறுங்காலோட எப்படிப் போனாரோ.” சிரித்துவிட்டு விசிலை ஊதிக்கொண்டே மறுகோடிக்குப் போனார்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மழை கொஞ்சம் சாய்ந்து விழ ஆரம்பித்திருந்தது. காற்று மாறியதும் ஒரு வாடையும் வந்தது. கடல் வாடை அல்ல, மீன் கவிச்சியும் அல்ல. அவளுக்கு நன்றாகப் பழகிய வாடை அது. மெஷினில் போட மறந்து மூலையில் நாள்கணக்கில் குவிந்து கிடந்த ஈரத்துணியை விரித்தால் அடிக்குமே, அது. துணி ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்த வாடை வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“கை.”

இந்தத் தடவை ஐயமே இல்லை. ஆண் குரல். கருங்கல்லுக்கு அந்தப் பக்கம். அவசரம் இல்லாத குரல், நிறைய நேரம் கையில் இருக்கிற மாதிரி.

“யாரு?” என்றாள்.

கல் இடுக்குகளில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் களக் களக் என்று கேட்டது. அவள் மேலே திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தாள். நாற்காலியில் மஞ்சள் மழைக்கோட்டில் தங்கையின் முதுகு தெரிந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் சமாதானமானது. வேலையைப் பார்க்கலாம் என்று திரும்பினாள்.

“கை.”

இப்போது பெண் குரல். ஆனால் இழுப்பு ஒன்றேதான். வார்த்தையை எடுத்த இடமும் விட்ட இடமும் ஒன்றேதான். அந்த ஆளின் தொண்டையை வாங்கி இவள் போட்டுக்கொண்ட மாதிரி.

அவள் சாக்கை அங்கேயே விட்டுவிட்டு மேலே போய்விடலாம் என்று நினைத்தாள். போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? முட்டி வலி என்றால் தீர்ந்தது. தங்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் பேசாவிட்டாலும் சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். அவள் மேட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைக்கவும் செய்தாள்.

“அக்கா.”

அவள் நின்றாள்.

“அக்கா, கை குடு. வழுக்கிட்டேன்.”

சின்னவளின் குரல். சந்தேகமே இல்லாமல் சின்னவள். அக்கா என்று சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்குவாளே, அந்தத் தூக்கலும் இருந்தது. பெரியவள் மேலே பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலி காலி.

அவள் ஓடினாள். பயம் பாதி, சந்தோஷம் பாதி. ஆமாம், சந்தோஷம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது? குடு என்றாளே. கொடுங்க என்று சொல்லவில்லையே. பாசி படிந்த கற்களில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், முட்டி தேய, தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். இறங்குவதற்குள் மனசு முழுவதையும் மன்னித்துவிட்டிருந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை தைக்கிற அளவுக்குப் போய்விட்டிருந்தது.

கற்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே குழிவான மணல். அதில் பச்சை வலை ஒன்று பாதி புதைந்து, மீதி மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. வாடை இங்கிருந்துதான் வந்தது. வலையின் நடுவே ஒரு கிழிசல். கிழிசலுக்குள் மஞ்சள் கை ஒன்று தெரிந்தது, மழைக்கோட்டின் கை, நுனியில் கையுறை.

“அக்கா, கை குடு.”

“வந்துட்டேன்டி. அசையாத. வயிறு பத்திரம்.”

மேடம் சொன்னது ஞாபகம் வரவில்லை. கத்தி இடுப்பில் இருந்தது, அதுவும் ஞாபகம் வரவில்லை. சலவைக்கூடத்துக் கை அது. மெஷினுக்குள் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால் தோள் வரை கையை விட்டு, அடியில் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்துப் பழகிய கை. அவள் மண்டியிட்டுக் கிழிசலுக்குள் கையை விட்டு, அந்தக் கையைப் பிடித்தாள். அது திருப்பிப் பிடித்தது.

“இழுக்கறேன். ஒண்ணும் ஆகாது.”

“கை குடு.”

“குடுத்துட்டேன்டி.”

“அக்கா, கை குடு.”

அதே தூக்கல். அதே இழுப்பு. அவள் இன்னொரு கையையும் விட்டாள். அதையும் ஏதோ பிடித்தது. அது வேறு கை, பெரியது.

அப்போது மேலே வேனின் கதவு சரியும் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கினாள். கற்களுக்கு மேலாகச் சாலையின் ஓரம் தெரிந்தது. சின்னவள் வேனுக்குள்ளிருந்து மெதுவாக இறங்கினாள், ஒரு கை இடுப்பில், ஒரு கையில் பிளாஸ்க். நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

பெரியவள் பிடித்திருந்த கையை உதறப் பார்த்தாள்.

இழுத்தாள். வரவில்லை. அது இழுத்தது. தோள் உள்ளே போனது. இன்னொரு தோளும். மணல் கன்னத்தைத் தொட்டது. அடியில் கைகள். ரப்பர் கைகள், நூல் கைகள், தோல் கைகள். அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து, அவசரமே இல்லாமல், வயிற்றுக்கு அடியில் வைத்து நூலால் சுற்றின. சுற்றிச் சுற்றிக் கட்டின. கட்டி முடித்ததும் எல்லாம் அமைதியானது. வலை அவளை மூழ்கடிக்கவில்லை. கொல்லவில்லை. சும்மா வைத்திருந்தது.

எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. மாட்டினது அடுத்ததுக்கு இரை.

கூப்பிடவே மாட்டேன் என்று முடிவு செய்தாள். உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன். பல்லைக் கடித்தாள். வாழ்க்கையில் எத்தனையோ தடவை திறந்திருக்கக் கூடாத வாய் அது, இன்றைக்காவது மூடிக் கிடக்கட்டும். மழை காதுக்குள் இறங்கியது. மேலே தங்கை தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். குடிக்கட்டும். குடித்துவிட்டு வேனில் ஏறட்டும். வீட்டுக்குப் போகட்டும்.

“கை” என்றது அவளுடைய குரல்.

அவள் வாய் மூடியிருந்தது. குரல் நெஞ்சுக்குக் கீழே, மணலுக்குள்ளிருந்து வந்தது.

சின்னவள் தலையைத் தூக்கினாள்.

“கை. சின்னக்கண்ணு, கை குடு.”

சின்னக்கண்ணு. அம்மா இறந்த வருஷம் அவள் வைத்த செல்லப்பெயர். இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்த பெயர். அதைத் தோண்டி எடுத்துவிட்டது. அவளே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாசமாக வந்திருக்காது.

“மனசுல ஒண்ணும் இல்லடி கண்ணு. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? வந்து கை குடு.”

பிளாஸ்க் கீழே விழுந்தது. தங்கை எழுந்தாள். மறுகோடியில் மஞ்சள் புள்ளிகள் குனிந்தபடியே இருந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை. கிட்ட இருப்பவள் அவள்தான். கிட்ட இருப்பவர் போக வேண்டும். என்ன, ஏது என்று கேட்கக் கூடாது.

பெரியவள் வாயைத் திறந்தாள். முழு மூச்சையும் கூட்டி, “வராதே” என்று கத்தினாள்.

காற்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மீதி மழையில் விழுந்தது.

“வர்றேன், வர்றேன்” என்றாள் சின்னவள்.

“வராதே! வரா…”

“வர்றேங்கறேன்ல. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?”

உனக்கு. உனக்கு என்றாள். அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தாள். பெரியவள் மறுபடி கத்த வாயைத் திறந்தபோது அலை ஒன்று ஏறி வந்து, இறங்கும்போது வாய் நிறைய மணலை விட்டுவிட்டுப் போனது. ஒரு நூல் உதடுகளுக்குக் குறுக்கே இழுபட்டு இறுகியது. ஒரு கண் மணலுக்குள். மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்தாள்.

மஞ்சள் கோட்டு கற்களின்மேல் ஏறியது. வழுக்கியது. விழுந்துவிடு, திரும்பிப் போய்விடு. விழவில்லை. உட்கார்ந்து, கல் கல்லாக, பத்திரமாக, குழந்தையை ஏந்திக்கொண்டு இறங்கியது.

“ஐயோ அக்கா” என்றாள் சின்னவள். முகம் முழுக்க மழை. “என்ன இப்படி மாட்டிக்கிட்ட? பேசாத, மண்ணு வாய்க்குள்ள போகும். நான்தான் வந்துட்டேன்ல.”

பெரியவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நூல் கன்னத்தை அறுத்தது.

“தெரியும், தெரியும். மனசுல வச்சுக்காத. நானும் எதையும் வச்சுக்கல.”

மண்டியிட்டாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவித் துப்பினாள், வெறுங்கையில்தான் பிடி நிற்கும் என்று. வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். கிழிசலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முழங்கை வரை. தோள் வரை.

பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“பிடிச்சுட்டேன் அக்கா. உன் கையைப் பிடிச்சுட்டேன். விட்டுடாத.”

பெரியவளின் இரண்டு கைகளும் அவள் வயிற்றுக்கு அடியில் ஒன்றாகக் கட்டுண்டு கிடந்தன. அவள் விரல்களை யாரும் தொடவில்லை.

“எவ்வளவு சில்லுன்னு இருக்கு உன் கை” என்றாள் சின்னவள், இன்னும் சிரித்துக்கொண்டே.